குடும்பத் தலைவர் என்ற கட்டம்

பாறசாலையை அடுத்த எல்லையோரப் பள்ளிவாசலுக்கு நூகுகண்ணு செயலாளரானபோது ஜமாத்தின் பழைய பதிவேடுகளைக் கரையான் பாதி தின்றிருந்தது. தாலுகா ஆபீசில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவர். ஆறே மாதத்தில் இருநூற்றுப் பதினாறு வீடுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். வீட்டுக்கு ஒரு கார்டு. கல்யாணத்துக்கு ஜமாத் தர வேண்டிய நிக்காஹ் கடிதம் உடனே அச்சாகி வரும். பக்கத்து ஜமாத்துக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் ஆண் பெயர்தான் வர வேண்டும் என்று வைத்தவரும் அவரே. பழைய பதிவேட்டில் அப்படி இருந்தது. அவர் அதை யோசிக்கக்கூட இல்லை.

தையல்கடை ஹபுசா பீவியின் புருஷன் மவுத்தாகிப் பன்னிரண்டு வருடம். மகளின் நிக்காஹுக்குக் கடிதம் கேட்டு வந்தாள். அவள் பெயர் கொழுந்தன் பீருமுகமதின் கார்டில் கிடந்தது.

“காக்கா, அவருகூட நாங்க பேசியே வருஷம் பத்தாச்சு. உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும் பிள்ளே. கார்டுல உள்ள தலைவருக்க ஒப்பு இல்லாம கம்ப்யூட்டர் கடிதம் தராது. அவருட்ட ஒரு கையொப்பு வாங்கீட்டு வா.”

மூன்றாம் நாள் வாங்கி வந்தாள். கடிதத்தைக் கொடுத்தபோது அவருக்கு மனசு நிறைந்துதான் இருந்தது.

கல்யாணம் முடிந்த மறுவாரம், டீக்கடையில் பீருமுகமது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அவள ரெண்டு மணிக்கூர் முற்றத்துல நிறுத்தினேன். வீட்டுல பங்கு கேட்டு கேஸ் குடுத்தது தப்புன்னு அவ வாயால சொன்ன பெறவாக்கும் ஒப்பு போட்டேன். உங்க கம்ப்யூட்டர் கொள்ளாம், நல்லா வேலை செய்யுது.”

நூகுகண்ணு டீயைப் பாதியில் கீழே வைத்தார். பங்கு கேட்டது அவள் உரிமை என்று அவருக்குத் தெரியும். அந்த முற்றத்துக்கு அவளை அனுப்பியது யார் என்பதும் தெரியும்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு எழுந்து நின்று, பீருமுகமதின் பெயரைச் சொல்லாமல், தான் செய்ததை மட்டும் சொன்னார். “அது கம்ப்யூட்டருக்க குத்தமில்லா?” என்றார் ஒருவர்.

“இல்ல. நான் செஞ்சதாக்கும்.”

கட்டத்தை மாற்றினார்கள். பெண்கள் நடத்தும் பத்தொன்பது வீடுகளுக்கும் அவர்கள் பெயரிலேயே கார்டு வந்தது. ஹபுசாவின் கார்டை அவரே தையல்கடைக்குக் கொண்டுபோனார். அவள் தன் பெயரை ஒருமுறை வாசித்துவிட்டு மேசைமேல் வைத்தாள்.

“காக்கா, தப்புன்னு நான் சொன்னத இனி யாரு மாத்துவா?”

அவள் மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

இப்போதெல்லாம் நூகுகண்ணு அந்தக் கடை வழியாக நடப்பதில்லை. ரப்பர் தோட்டத்தைச் சுற்றித்தான் பள்ளிவாசலுக்குப் போகிறார்.