பேர் வைக்காத குட்டி

வேப்பெண்ணெய் வாடை அடித்தால் இன்றைக்கும் எனக்கு நாய்க்குட்டிகளின் கால்கள்தாம் நினைவுக்கு வரும். இண்டூருக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்தில் அப்பா பந்தயத்துக்குக் கிரேஹவுண்ட் குட்டிகளைப் பழக்கிவந்தார். காலையில் அவற்றை ஏரிக்கரைவரை நடத்திக் கூட்டிவந்து, பின்னங்கால்களில் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவார். என் காலில் முள் தைத்தால்கூட அவ்வளவு பக்குவமாக அவர் பார்த்ததில்லை. அதில் எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு.

பழைய மொபெட்டை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, டயர் கழற்றிய பின்சக்கரத்தில் நீளக் கயிற்றைச் சுற்றவிடுவார். கயிற்றின் மறுமுனையில் கட்டிய கந்தல் கம்பளி தரையில் துள்ளித் துள்ளி ஓடும். முயலுக்குப் பதிலாக ஓடுவதால் அதற்கு "முசலு" என்று பேர். குட்டி அதைத் துரத்த வேண்டும். முதலில் இருபதடி, பிறகு ஐம்பது, போகப்போக, நாங்கள் காடு என்று சொல்லும் அந்த நிலம் முழுக்க. முடிவில் கவ்விக் குதற விட்டால்தான் மறுநாளும் ஆசையாக ஓடும்.

முதல் பந்தயம் முடியும்வரை எந்தக் குட்டிக்கும் பேர் வைக்கக் கூடாது என்பதில் அப்பா கண்டிப்பாக இருந்தார். "பேரு சொல்லிக் கூப்புட்டா அது நம்ம மூஞ்சியத்தான் பாக்கும், முசலப் பாக்காது" என்பார். சீட்டியடித்துத்தான் அழைப்பார்.

எனக்கு அப்போது பத்து வயது. கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. இருந்த குட்டிகளில் செவலைப் பெட்டைக்குத் திருட்டுத்தனமாக மைனா என்று பேர் வைத்தேன். அப்பா பாலக்கோட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போகும் நாள்களில், கொட்டகைக்குப் பின்னால் நின்று மெல்லக் கூப்பிட்டால், தின்கிற சோற்றையும் விட்டுவிட்டு வந்து என் மடியில் விழும். அந்தச் சந்தோஷத்தை யார்தான் விடுவார்கள்?

அதன் முதல் பந்தயம், உழுது சமன்படுத்திய ஒரு காட்டில் நடந்தது. நான்கு நாய்களில் எங்கள் செவலைதான் முன்னால் ஓடியது. பாதித் தூரம் தாண்டியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "மைனா! மைனா!" என்று கத்திவிட்டேன். அத்தனை கூச்சலிலும் அதற்குக் கேட்டது. ஓட்டத்தை விட்டு என் பக்கம் திரும்பியது. பின்னால் வந்த நாய் அதன்மேல் மோதியது.

உடைந்த கால் சேரவில்லை. சீழ் பிடித்துப் பத்தே நாளில் செத்துப்போனது. நான் கத்தியது அப்பாவுக்குக் கேட்கவில்லை. "நாந்தான் அவசரப்பட்டு எறக்கிட்டேன். இன்னும் ரெண்டு மாசம் பழக்கியிருக்கோணும்" என்று அம்மாவிடம் சொல்லி அழுதார். மற்றக் குட்டிகளையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார். அடிக்குப் பயந்து அன்று சும்மா இருந்தேன். வளர்ந்த பிறகு எந்தப் பயமும் இல்லை; இருந்தும் சொல்லவில்லை.

இப்போது பந்தயம் நடந்த அந்தக் காட்டில் வீட்டுமனைக் கற்கள் நிற்கின்றன. அப்பா போய் இரண்டு வருடமாகிறது. போவதற்குக் கொஞ்சம் முன்னால், ஓசூர்ப் பக்கமிருந்து ஒருவர் குட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு அவரைத் தேடி வந்தார். அப்பா அதன் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்குப் பழக்கத் தெரியாதுங்க. ஒண்ணக் கொன்னுட்டேன்" என்றார்.

நான் பக்கத்தில்தான் அவருக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆறியதும் டம்ளரை அவர் கையில் கொடுத்தேன்.