பிட்சுவின் காலைத் தொட்டேன்

உங்கள் பத்திரிகையில் பர்மாவைப் பற்றி எழுதும் ஐயா, பெண்களுக்கு வேண்டிய விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். மாட்டிக்கொண்டது நான்.

"அங்கேயும் காவி கட்டிய துறவிகளை நம்மைப் போலவே வணங்குகிறார்கள்" என்று அவர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் ஒக்கூரிலிருந்து புறப்பட்டுக் கப்பலேறினேன். என் வீட்டுக்காரருக்கு ஒரு பர்மாக்காரரின் அரிசி மில்லில் வேலை. குடியிருந்ததும் மில் வீடுதான்.

போன புதிதில் ஒரு நாள் காலை, வயதான பிட்சு ஒருவர் வாசலில் வந்து நின்றார். நம் ஊர்ப் பண்டாரம் போலப் பாடவுமில்லை, கேட்கவுமில்லை. சோறு போட்டேன். பிறகு விழுந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் பதறிப் பின்வாங்கினார். தெருப் பெண்கள் கூடிக் கத்தினார்கள். ஒரு சொல்லும் புரியவில்லை. சோற்றில் ஏதும் கிடக்கிறதோ என்று அவர் பாத்திரத்தை எட்டிப் பார்த்தேன். இன்னும் கத்தினார்கள்.

மளிகைக்கடை ராவுத்தர் ஓடி வந்தார்.

"என்ன காரியம் செஞ்சீக! பொம்பளை கை அவுக மேல படலாமா?"

"காலைத் தொட்டுக் கும்பிட்டதுக்கா இம்புட்டுக் கூப்பாடு?"

"கும்பிடுறதைத் தள்ளி நின்னு கும்பிடுங்க. மொதலாளி காதுல விழுந்தா உங்க வீட்டுக்காரருக்கு வேலை போயிரும்."

அவர் பர்மா பாஷையில் எனக்காகக் கெஞ்சிய பிறகே கூட்டம் கலைந்தது.

மரியாதை எப்படிக் குற்றமானது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி செய்வதைப் பார்க்காமல் இப்போது அங்கே எதையும் செய்வதில்லை. பிரசவத்துக்கு ஊர் வந்திருக்கும் நான், இங்கிருந்து புறப்படும் பெண்களிடம் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

அந்த ஐயாவுக்கு இது தெரியாதா, அல்லது பெண்கள் எங்கே படிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாரா? இதே பத்திரிகையில் அவர் பதில் எழுதட்டும்.