மெக்ரோ பிரகலாதனின் லீவு

மூணு மாச லீவு வேணும்னு ஒரு மனுசன், இருபது வருசமா தன் கையால எழுதி வச்சதை எல்லாம் தானே தூக்கிக் கொடுத்தாரு. எங்க ஃபேக்டரியில அந்தக் கதையை இப்ப ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கிட்டுத் திரியுறாங்க. கேண்டீன்ல ஒரு கதை, லோரி ஷெட்டுல ஒரு கதை. பக்கத்துலயே இருந்து எல்லாத்தையும் பார்த்தவ நான். அதனால நான் சொல்றதைக் கேளுங்க.

என் பேரு வீரம்மா. கிள்ளானுக்குப் பக்கத்துல மேருவுல பிளாஸ்டிக் வாளி, ஐஸ் பெட்டி, நாற்காலி செய்யுற கம்பெனியில டெலிவரி கவுண்டர்ல இருக்கேன். லோரிக்காரங்க வாயில வர்ற வசவு எல்லாம் முதல்ல என் காதுலதான் விழும். எனக்குப் பின்னாடி கண்ணாடித் தடுப்புக்குள்ள உக்காந்திருந்தவருதான் பிரகலாதன் அண்ணன். பிரிக்ஃபீல்ட்ஸ்காரரு, சிலோன் குடும்பம். தாத்தா ரயில்வே, அப்பா ரயில்வே, பெரியப்பா தபால் இலாகா. கவர்மெண்டு வேலையை விட்டுட்டு வாளி கம்பெனிக்குப் போயிட்டான்னு அவங்க அத்தைமாருங்க இன்னும் மூக்கைச் சிந்துறாங்களாம். காலையில கொம்யூட்டர்ங்கிற லோக்கல் ரயில்ல கிள்ளான் வருவாரு, ஸ்டேஷன்ல இருந்து என் கார்ல ஏத்திக்குவேன். வழியெல்லாம் நான் பேசுவேன், அவரு "ஓம்"பாரு, சிலோன் பேச்சுல ஆமான்னு அர்த்தம். நல்ல ஜோடிப் பொருத்தம்.

அவரு வேலை மெக்ரோ எழுதுறது. எக்செல் ஷீட்டுக்குப் பின்னாடி எழுதி வைக்கிற புரோகிராமுக்குத்தான் அந்தப் பேரு. காலையில ஆர்டரை எல்லாம் உள்ள போட்டு ஒரு பச்சை பட்டனை அழுத்தினா போதும். எந்தச் சரக்கு எந்த லோரியில, முதல்ல போற ஊரு ரவாங்கா காஜாங்கான்னு அதுவே பிரிச்சு டிஓ அடிச்சுத் தள்ளிடும். டிஓன்னா டெலிவரி ஆர்டர். அந்தத் தாள் கையில இல்லேன்னா கேட்டுல காவலுக்கு நிக்கிற ஜாகா லோரியை நகர விடமாட்டாரு. ஆக, பட்டன் ஓடினாத்தான் ஃபேக்டரி ஓடும். ஆனா விண்டோஸ் மாறினா பட்டன் மக்கர் பண்ணும், எக்செல் அப்டேட் ஆனா மக்கர் பண்ணும். உள்ள என்ன எழுதியிருக்குன்னு அண்ணனைத் தவிர ஒரு ஈ காக்காவுக்கும் தெரியாது.

இப்படி ஒரு ஆளு இல்லாம எதுவும் நடக்காதுன்னு ஆனா அது பெருமைதானேன்னு நீங்க நினைப்பீங்க. பெருமையாவது ஒண்ணாவது! அவரு மகள் லோஜினி கல்யாணம் பிரிக்ஃபீல்ட்ஸ் கோயில் மண்டபத்துல நடந்தப்போ, கெட்டிமேளம் கொட்டுற நேரத்துல அவரு எங்க இருந்தாரு தெரியுமா? வாசல்ல, செருப்பெல்லாம் கிடக்கிற இடத்துல, ஒரு காதைப் பொத்திக்கிட்டு போன்ல. மறுமுனையில நான்தான். "ஆல்ட் எஃப் எட்டு அழுத்து வீரம்மா, அழுத்திட்டியா? இப்ப ரன்னு..." தாலி கட்டினதை அவரு வீடியோவுலதான் பார்த்தாரு. மீனலோசனி அக்கா, அதான் அவரு வீட்டுக்காரம்மா, அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு என் முகத்தையே பார்க்கல. நான் என்னங்க பண்ணுவேன், வெளிய லோரி நிக்குது!

லோஜினி கல்யாணமாகி மெல்பர்ன் போயிடுச்சு. போன வருசம் அது முழுகாம இருக்குன்னு சேதி வந்ததும் மீனலோசனி அக்கா யாரையும் கேக்காம ரெண்டு டிக்கெட்டைப் போட்டுட்டாங்க. மூணு மாசத்துக்கு. "நீங்க வரேல்லையெண்டா நான் அங்கயே இருந்திடுவன்"னும் சொல்லிட்டாங்க. அந்தம்மா சொன்னா செய்யுற ஆளு. அண்ணன் பயந்துபோயி முதலாளி சாத்தப்பன்கிட்ட லீவு கேட்டாரு. முதலாளி கெட்டவரில்ல, அதையும் சொல்லிடணும். செட்டியார் வீட்டு மரியாதை, யாரையும் வாடா போடான்னு பேசமாட்டாரு. ஆனா மூணு மாசம்னதும் முகம் சுண்டிப் போச்சு. "பிரகா, நீங்க போயிட்டா பட்டனை யாரு பார்ப்பா?"ன்னாரு. அத்தோட பேச்சு முடிஞ்சுது.

அந்த நேரம் பார்த்துத்தான் முதலாளி மகன் யுவராஜ், வெளிநாட்டுல படிப்பை முடிச்சிட்டு வந்து சேர்ந்தாரு. எக்செல்லைப் பார்த்ததும், சாம்பார்ல பல்லி கிடந்த மாதிரி முகத்தைச் சுளிச்சாரு. "இந்தக் காலத்துலயும் மெக்ரோவா?"ன்னு கேட்டு, பங்சார்ல ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில இருந்து ஆனந்துன்னு ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தாரு. ரெண்டு ஸ்கிரீன், காதுல ஒரு இயர்போன் குமிழ், கையில எப்பவும் ஐஸ் காப்பி. பழைய மெக்ரோவை அப்படியே எடுத்து ஏஐகிட்ட கொடுத்து, என்ன எழுதியிருக்குன்னு புரிய வச்சு, புதுசா பைத்தான்கிற கம்ப்யூட்டர் மொழியில எழுதப் போறேன்னான். இனிமே யாரு எந்த வரியை எப்ப மாத்தினாலும் பதிவாயிருமாம், எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்தும் ஓடுமாம், எந்த ஆளையும் நம்பி இருக்க வேண்டியதில்லையாம்.

அது போதும், ஆபீஸ் பூரா ஒரே துக்கம். "பாவம்லா பிரகலாதன் அங்கிள், மிஷின் வந்து இடத்தைப் புடிச்சிக்கிச்சு." லோரி ஓட்டுற அய்யாவு அண்ணன் ரெண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கியாந்து மேசையில வச்சிட்டுப் போனாரு. அண்ணனும் தலையைத் தொங்கப் போட்டு, பெருமூச்சு விட்டு, நல்லாத்தான் நடிச்சாரு.

நடிப்புத்தாங்க! என் கார்ல ஏறினா விசில் அடிப்பாரு! "ஆனந்து ரூட்டு பகுதியை முடிச்சிட்டான் வீரம்மா, இனி பிரிண்டிங் மட்டுந்தான் பாக்கி"ன்னு, பரீட்சையில பாஸான பையன் மாதிரி குதிப்பாரு. கிள்ளான்ல இருந்து சுடச்சுட வடை வாங்கிட்டுப் போயி அந்தப் பையனுக்கு ஊட்டாத குறை. தாம் போறதுக்கு இவ்வளவு ஆசைப்படுறோம்னு முதலாளிக்குத் தெரிஞ்சா சந்தேகப்பட்டு புதுசையே நிறுத்திடுவாருன்னு பயம். அதுக்குத்தான் ஆபீஸ்ல அந்தச் சோக முகம்.

இங்கதான் பிரிண்டர் கதையைச் சொல்லணும். சொல்லவே எனக்கு வெக்கமா இருக்கு, இருந்தாலும் சொல்றேன். எங்க டிஓ பிரிண்டருக்கு ஒரு வியாதி. வெள்ளிக்கிழமை காலையில சரக்கு ஏத்தி லோரி எல்லாம் உறுமிக்கிட்டு நிக்கும்போது, "பிரிண்டர் பிஸி, ப்ளீஸ் வெயிட்"னு ஸ்கிரீன்ல வந்து குந்திக்கும். மத்த நாள்லயும் வரும், நேரம் மட்டும் மாறும். முதலாளி கோபப்பட்டு பிரிண்டரை மாத்திப் பார்த்தாரு. அப்புறம் இன்னொண்ணு மாத்தினாரு, ஜப்பான் மேக்கு. எந்த மேக்கு வந்தாலும் அதே வியாதி. யாரோ கண்ணு வச்சிட்டாங்கன்னு நான் முடிவே பண்ணிட்டேன். வெள்ளிக்கிழமையானா பிரிண்டர் தலையில எலுமிச்சம்பழம் வச்சு, கற்பூரம் கொளுத்தி மூணு சுத்து சுத்துவேன். பன்னெண்டு மணிக்கெல்லாம் டகடகன்னு அடிக்க ஆரம்பிச்சிடும். "வீரம்மாக்கா கை ராசி"ன்னு லோரிக்காரங்க எல்லாம் கும்பிடுவாங்க. பக்கத்து ஃபேக்டரியில ஃபோட்டோகாப்பி மிஷினுக்குச் சுத்தக்கூட என்னைக் கூப்பிட்டாங்க, போயிட்டு வந்தேன். அண்ணன் கண்ணாடிக்குப் பின்னாடி இதையெல்லாம் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாரு. ஒரு வார்த்தை சொன்னாரா பாருங்க!

புதுசை ஓட்ட ஆரம்பிச்சது ஒரு வெள்ளிக்கிழமை. மெல்பர்ன் ஃபிளைட்டுக்கு ரெண்டு வாரம் இருந்துச்சு. பத்தரை தாண்டினதும் வழக்கம்போல எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். கற்பூரத்துக்கு லைட்டரைத் தேடுறேன், அதுக்குள்ள பிரிண்டர் பாட்டுக்கு டிஓ அடிச்சுத் தள்ளுது! எனக்குச் சப்புன்னு போச்சு. அய்யாவு அண்ணன் தாளை வாங்கிக்கிட்டு கேட்டைத் தாண்டிப் போயிட்டாரு. ஆனந்து கையைத் தட்டினான். அண்ணன் சோக முகத்தை மறந்து பல்லெல்லாம் தெரிய நின்னாரு. மாடி ஜன்னல்ல நின்னு லோரி போறதைப் பார்த்த முதலாளிக்கு மட்டும் மூஞ்சி வெளுத்துப் போச்சு.

அரை மணி நேரத்துல மீட்டிங். முதலாளி, யுவராஜ், ஆனந்து, அண்ணன், டெலிவரி ஆளுங்கிற முறையில நான்.

"புது சிஸ்டம் இன்னும் பக்குவப்படல. பிரகா லீவை இப்போதைக்கு நிறுத்தி வைப்போம்"னாரு முதலாளி.

அண்ணன் முகத்தைப் பார்க்கணுமே. நடிப்பில்ல, நெஜமாவே ரத்தம் சுண்டிப் போச்சு.

"என்னப்பா பக்குவப்படல? எல்லா டிஓவும் சரியா வந்துச்சே"ன்னாரு யுவராஜ்.

"பழசுல இருந்த ஒண்ணு இதுல இல்ல."

"எது இல்ல?"

முதலாளி ஃபேனைப் பார்த்தாரு. "அது... பிரகாவுக்குத் தெரியும்."

அண்ணன் மேசையைப் பார்த்தாரு. அப்பத்தான் ஆனந்து லெப்டாப்பைத் தட்டிக்கிட்டே, "ஒண்ணே ஒண்ணைத்தான் எடுத்தோம் பாஸ். அங்கிள்தான் வேணாம்னாரு, பழைய பிரிண்டருக்கு ரெஸ்ட் கொடுக்கப் போட்டதுன்னாரு. தினமும் ஒன்றரை மணி நேரம் பிரிண்ட் பண்ணாம, பிரிண்டர் பிஸின்னு காட்டணும். திங்கள் ஏழரையில இருந்து ஒம்பது. வெள்ளி பத்தரையில இருந்து பன்னெண்டு. சனி ஒம்பதுல இருந்து பத்தரை. ஏன்னு ஏஐக்கும் புரியல"ன்னான்.

ஏஐக்குப் புரியாது. வீட்டுச் செவுத்துல தமிழ்க் காலண்டர் மாட்டியிருக்கிறவங்களுக்குப் புரியும்.

"ராகு காலம்!" நான் கத்தியே போட்டேன். "அட பாவி மனுசா! அப்ப பிரிண்டருக்கு ஒண்ணுமே இல்லையா? இத்தனை வருசமா ராகு காலத்துல நான் கற்பூரம் சுத்தினேனே, உள்ள உக்காந்து வேடிக்கை பார்த்தீங்களா?"

"நீ சந்தோசமாச் செய்தாய் வீரம்மா, எப்படித் தடுக்கிறது?"ன்னாரு அண்ணன், தலையைத் தூக்காம. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த எலுமிச்சம்பழத்தை அவரு மண்டையிலயே வீசியிருப்பேன்.

அப்புறம் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. கம்பெனி ஆரம்பிச்ச புதுசுல முதலாளி அவரைத் தனியாக் கூப்பிட்டு, "ராகு காலத்துல லோரி கேட்டைத் தாண்டக் கூடாது. வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க, எப்படியாச்சும் பார்த்துக்குங்க"ன்னு சொல்லியிருக்காரு. அண்ணன் பார்த்துக்கிட்டாரு. எப்படின்னு முதலாளி கேக்கல, அவரும் சொல்லல. அந்த முதலாளியேதான் பிரிண்டர் சரியில்லைன்னு கடைக்காரனைத் திட்டித் திட்டி மாத்திக்கிட்டு இருந்தாரு. புதுசுல இதை எழுதப் போனா அந்தக் குட்டெல்லாம் உடையுமேன்னு அண்ணன் பேசாம எடுக்கச் சொல்லிட்டாரு.

யுவராஜ் விழுந்து விழுந்து சிரிக்கப் போறாருன்னு பார்த்தேன். சிரிக்கல. அப்பாவோட மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "ஆனந்த், இதைத் திரும்பப் போட முடியுமா?"ன்னாரு.

"அஞ்சு நிமிசம் பாஸ்." அஞ்சு நிமிசம்கூட ஆகல. இந்த ஊரு சூரிய உதயத்தை வச்சு நேரத்தைச் சரியா கணக்குப் போடுற மாதிரியே பண்ணிட்டான். "பிரிண்டர் பிஸி"க்குப் பதிலா "சிஸ்டம் அப்டேட் நடக்கிறது"ன்னு வரும், கேக்குறவங்களுக்கு அது இன்னும் கௌரவமா இருக்கும்னான். முதலாளிக்கு அப்பத்தான் மூச்சு வந்துச்சு.

"அப்ப இனிமே எல்லாம் இதுலயே இருக்கு? பிரகா இல்லாமலே ஓடுமா?"

ஆனந்து வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி அண்ணன் முந்திக்கிட்டாரு. லீவு கையை விட்டுப் போயிடுமோன்னு பதற்றம். "ஓம் முதலாளி, தாராளமா ஓடும்! நான் எல்லாத்தையும் செக் பண்ணிட்டன். என்னட்ட இனிக் கேக்கிறதுக்கு ஒண்டுமே இல்லை. மூண்டு மாசமில்லை, மூண்டு வருசம் நான் வராட்டியும் ஓடும்!"

முதலாளி அவரு கையைப் புடிச்சுக்கிட்டாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். "பிரகா, மகள் கல்யாணத்தைக்கூட உங்களைப் பார்க்க விடல நாங்க. அந்தப் பாவம் எனக்கு வேணாம். எதுக்கு மூணு மாசம், எதுக்குத் திரும்பி வந்து இந்த ரயில்ல அலையணும்? ரிட்டயர்மெண்டுக்கு ரெண்டு வருசந்தானே இருக்கு, அதை இப்பவே வச்சுக்குவோம். எந்தக் குறையும் இல்லாம செட்டில் பண்ணிடுறேன். பேரப்புள்ளையோட நிம்மதியா இருங்க."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தாரு. நான் யுவராஜைப் பார்த்தேன். யுவராஜ் எழுந்து கை கொடுத்தாரு.

சேதி கேண்டீனுக்குப் போறதுக்குள்ள எல்லாரும் சந்தோசமாயிட்டாங்க. பாவப்பட்டு முடிச்ச ஆளுங்க இல்லையா, திரும்பவும் ஒருக்கா பாவப்பட யாருக்கும் தோணல. "லக்கி மனுசன்லா! நமக்கெல்லாம் யாரு இப்படிக் கொடுப்பா!"ன்னு அய்யாவு அண்ணன் முதுகுல தட்டிட்டுப் போனாரு. முதலாளி நல்லது நினைச்சுத்தான் செஞ்சாரு. மீனலோசனி அக்கா போன்ல கேட்டுட்டு சாமி அறைக்குப் போயி விளக்கேத்தினாங்களாம். குத்தம் சொல்ல ஒரு ஆளு கிடைக்கல எனக்கு.

சாயந்திரம் கார்ல அவரு விசில் அடிக்கல. மேருவுல இருந்து கிள்ளான் வரைக்கும் நான் பேசாம வந்தது அன்னைக்கு ஒரு நாள்தான். ஸ்டேஷன் வந்தும் அவரு இறங்கல. மடியில பையை வச்சுக்கிட்டு முன்கண்ணாடியையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. பின்னாடி டாக்சிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

"ரயில் வந்துரும்ணே"ன்னேன்.

"ஓம்"னாரு. கதவைத் திறந்து ஒரு காலைக் கீழ வச்சாரு. அப்புறம் திரும்பி, என்னமோ நான்தான் அந்த முடிவை எடுத்தவ மாதிரி என்கிட்ட கேட்டாரு:

"நான் மூண்டு மாசம்தானே கேட்டனான், வீரம்மா?"