டீசல் இன்ஜினுக்குப் பாகம் பாகமாக மன்னிப்பு

ஹஜ்ஜுக்குப் புறப்பட இருந்த கார் வியாபாரி ரிஃபெத்தின் சொந்த வண்டியில் தெவ்லெத்தா சர்க்கரையைக் கொட்டிவிட்டாள் என்று எங்கள் விசோக்கோ ஊர் முழுக்கப் பேச்சு. சலூனில் ஒரு கிலோ என்றார்கள். எனக்கு முகம் மழித்து முடிப்பதற்குள் அது மூன்று கிலோவானது. பூரெக் பலகாரக் கடைக்கு வந்து சேர்ந்தபோது மூட்டை. சந்தையில் காலுறை விற்றுப் பிழைக்கிற பெண் ஒரு மூட்டைச் சர்க்கரையை டேங்கில் கொட்டுவாளா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கோபம் வந்த பெண் கணக்குப் பார்க்கமாட்டாள் என்பது எங்கள் ஊர் ஆண்களின் நம்பிக்கை. அவர்கள் யாரும் தெவ்லெத்தாவிடம் காலுறை வாங்கியதில்லை போலிருக்கிறது.

விசாரிக்கக் கிளம்பினேன். ரிஃபெத்தின் வண்டி மெக்கானிக் முனிப்பின் கொட்டகையில் வாயைப் பிளந்து கிடந்தது. இன்ஜின் வெளியே சங்கிலியில் தொங்கியது.

"டேங்க்ல சர்க்கரை இருந்ததா முனிப்?"

"பத்திரிகைக்காரரே, டீசல்ல சர்க்கரை கரையாது. அடியில போய் உக்காந்துக்கும். மிஞ்சினா ஃபில்டர் அடைச்சு வண்டி நிக்கும். இதை அறுக்காது." அறுந்த டைமிங் செயினை என் கையில் வைத்தார். செத்த பாம்பு மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"நல்ல இன்ஜின்னு சொல்வாங்களே?"

"யாரு இல்லைன்னது? ரெண்டு லிட்டர், நாலு சிலிண்டர், நூத்தி நாப்பத்து மூணு குதிரை. முழு லோடோட மேட்டுல ஏறும், குடிக்கறதும் கம்மி. ஆனா வரைஞ்ச மகராசன் செயினைக் கொண்டுபோய் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமா வெச்சுட்டான். அதை மாத்தணும்னா இன்ஜினையே இறக்கணும். பல்லு பிடுங்கறதுக்குக் கழுத்தைக் கழட்டற கதை. செயினைத் தாங்கற பிளாஸ்டிக் பட்டை தேஞ்சா செயின் தளரும். காலையில முதல் தடவ ஸ்டார்ட் பண்றப்ப கடகடன்னு சொல்லும். சூடானா வாயை மூடிக்கும். கேக்காம விட்டா ஒருநாள் அறுந்து, வால்வு எல்லாம் பிஸ்டன் மேல விழுந்து கும்பிடும்."

"அதனாலதான் விக்கிறவங்க முன்னாடியே ஓட்டி சூடாக்கி வெக்கறாங்களா?"

"எனக்கு அந்தத் தெருவுல நிறைய வாடிக்கை. நான் ஒண்ணும் சொல்லல."

"அப்போ தெவ்லெத்தா ஒண்ணும் பண்ணல."

"சர்க்கரை போடலைன்னுதான் சொன்னேன்," என்று சொல்லிவிட்டு முனிப் வண்டிக்கடியில் போய்விட்டார்.

தெவ்லெத்தா தோல் ஆலையில் பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவள். ஆலை மூடியது. கட்டட வேலைக்கென்று ஸ்லோவேனியா போன புருஷன் அங்கேயே ஒரு குடும்பத்தையும் கட்டிக்கொண்டான். அவள் கம்பளிக் காலுறைகளையும் நைட்டிகளையும் இரண்டு பைகளில் திணித்து, பஸ்ஸில் ஊர் ஊராகச் சந்தைக்குப் போனாள். பஸ்காரர்கள் பைகளுக்கும் டிக்கெட் கேட்டார்கள். ஒரு தடவை பைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, "அப்ப இது உக்காரட்டும்" என்று பையைச் சீட்டில் வைத்து, தான் நின்றுகொண்டே காக்கன் வரை போயிருக்கிறாள். கண்டக்டர் இறங்கச் சொன்னதற்கு, "நான் இறங்கறேன், பை வரும்" என்றாளாம்.

ஆறு வருடங்களுக்கு முன்பு, சேர்த்து வைத்ததை எல்லாம் கொண்டுபோய் ரிஃபெத்திடம் ஒரு ஜெர்மன் டீசல் வண்டி வாங்கினாள். பின்பக்கம் நீளமான வண்டி, முழுச் சந்தையும் உள்ளே அடங்கும். அக்டோபர் மாதக் காலை. பானெட் சுட்டது. "இப்பத்தான் கழுவிட்டு வந்தேன்" என்றான் ரிஃபெத். மீட்டரும் பணிவாகச் சின்ன எண் ஒன்றைக் காட்டியது.

எங்கள் பக்கம் பணம் கைமாறினால் மட்டும் விற்பனை முடிந்துவிடாது. இரண்டு பேரும் ஹலால் சொல்ல வேண்டும். நீ வாங்கியது உனக்கு ஆகட்டும், நான் வாங்கியது எனக்கு ஆகட்டும், மனசில் ஒன்றும் இல்லை என்று பொருள். ரிஃபெத் நோட்டுகளை மடித்தபடியே சொல்லிவிட்டான்.

தெவ்லெத்தா சொல்லவில்லை. "உன்னோடது வந்தாச்சு. என்னோடது ஒரு குளிர்காலம் போகட்டும்."

"வண்டி வாங்கறியா, மாப்பிள்ளை பாக்கறியா?"

"மாப்பிள்ளை பாத்தப்ப அவசரப்பட்டுட்டேன்."

குளிர்காலம் போகவில்லை. ஜனவரியில், ஸெனித்சா சந்தைக்குப் போகிற வழியில், சுரங்கப்பாதைக்குள் செயின் அறுந்தது. பின்னால் வந்த லாரிகள் ஹாரனை அழுத்த, அவள் இருட்டில் காலுறைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

ரிஃபெத்திடம் போனாள். "எடுத்துட்டுப் போறப்ப ஓடுச்சா இல்லையா?" என்று கேட்டான் அவன். "எனக்கு எப்படித் தெரியும், நான் என்ன இன்ஜினுக்குள்ளயா குடியிருக்கேன்?"

அவள் சத்தம் போடவில்லை. மறுபடி பஸ் ஏறினாள். அந்த இரண்டு பைகள், அதே கண்டக்டர். இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி செய்தாள். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கிளம்பியது. ஈ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்து அடைத்துக்கொண்டது. ஒரு இன்ஜெக்டர் ஒழுகியது. டர்போ மேட்டில் ஊளையிட்டது. ஃபிளைவீல் கிளச்சை விடும்போதெல்லாம் உதறியது. பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கே ஓடியதில் சைலன்சரில் இருந்த கரி வடிகட்டி மூச்சடைத்தது. கடைசியில் மூன்றாவது சிலிண்டரின் ஹீட்டர் பிளக்கைக் கழற்றப்போனால் அது பாதியில் முறிந்தது. கெட்டுப்போன ஒவ்வொன்றையும் முனிப்பிடம் கேட்டு வாங்கி, மண்ணெண்ணெயில் கழுவி, மிளகாய் ஊறுகாய் போடுகிற பெரிய பேசினில் வைத்தாள். அந்த வருடங்களில் அவள் வீட்டில் ஊறுகாய் போடவில்லை.

பிறகு ரிஃபெத்துக்கு ஹஜ் போக இடம் கிடைத்தது. போகிறவர் எல்லோரிடமும் ஹலால் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். வீடு வீடாகப் போனான், வீட்டுக்கு வீடு பிட்டா பலகாரம் சாப்பிட்டான். அவனிடம் வண்டி வாங்கி ஏமாந்தவர்கள்கூட, ஹாஜியாரைத் தடுத்த பாவம் நமக்கெதற்கு என்று, சொல்லிவிட்டார்கள். தெவ்லெத்தா வீட்டுக்கும் வந்தான். காபி வைத்தாள்.

"தங்கச்சி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. ஹலால் பண்ணிடு."

"எதை?"

"எல்லாத்தையும்தான்."

"எல்லாம்னு ஒரு ஸ்பேர் பார்ட் இல்லையே ரிஃபெத் அண்ணே." பேசினைத் தூக்கி வந்து காபிக்குப் பக்கத்தில் வைத்தாள். மேஜை முனகியது.

அவள் நிபந்தனை இதுதான். ஞாயிற்றுக்கிழமை கார் சந்தையில் மதியத் தொழுகை வரை ரிஃபெத்தின் வண்டிகள் எல்லாம் குளிர்ந்தே நிற்க வேண்டும். அவள் வந்து ஒவ்வொரு பானெட்டிலும் கை வைத்துப் பார்ப்பாள். குளிர்ந்திருந்தால் அந்த வாரத்துக்கு ஒரு பாகத்துக்கு ஹலால்.

ரிஃபெத் பேசினைப் பார்த்தான், விரல் விட்டு ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணினான். முகம் வெளுத்தது. "ரெண்டு ரெண்டா குடுக்கக் கூடாதா?"

"நீ மொத்தமா வித்த. நான் சில்லறையாத்தான் மன்னிப்பேன்."

அவன் எழுந்து போயிருக்கலாம். ஆனால் கஅபாவுக்கு முன்னால் நிற்கும்போது கண்ணுக்குள் அந்த பேசின் வந்து நிற்குமே என்கிற பயம். ஒத்துக்கொண்டான்.

முதல் ஞாயிறு. ப்ரேஸாவிலிருந்து வந்த ஒருவர் சாவியைத் திருகினார். வண்டி இருமியது, வெள்ளையாகப் புகைந்தது, உள்ளே கடகடத்தது. "அண்ணாச்சி, உள்ள ஸ்பூன் டப்பா எதையாவது மறந்து வெச்சுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த வியாபாரியிடம் நடந்தார். அங்கே பானெட்டுகள் ரொட்டி போலச் சூடாக இருந்தன. ரிஃபெத் அன்று ஒன்றும் விற்கவில்லை. தெவ்லெத்தா காலுறை வண்டியிலிருந்து ஈ.ஜி.ஆர். வால்வை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "இதுக்கு ஹலால்."

அடுத்த வாரம் இன்ஜெக்டருக்கு. அதற்கடுத்து டர்போ. பிறகு ஃபிளைவீல், அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பிறகு வடிகட்டி. வாராவாரம் ரிஃபெத்தின் வண்டிகள் எல்லார் முன்னாலும் இருமின. அவன் இளைத்தான். பக்கத்திலேயே அவள் போட்டிருந்த காலுறைக் கடையில் கூட்டம் கூடியது, கூத்தைப் பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு நிற்கக் கூச்சப்பட்டார்கள்.

"பாவமா இல்லையா?" என்று நான் அவளிடம் கேட்டேன். அதற்கு இரண்டு ஜோடி வாங்க வேண்டியிருந்தது.

"என்னத்துக்கு? ஆறு வருஷமா, வண்டி படுத்தப்பல்லாம் அந்த பஸ்ல நின்னுட்டே இந்தக் காட்சியத்தான் மனசுக்குள்ள ஓட்டிப் பாத்தேன். நேர்ல இன்னும் நல்லா இருந்துது."

இதற்கு நடுவில்தான், ஹஜ் பயிற்சி வகுப்புக்குச் சரயேவோ போன ரிஃபெத்தின் சொந்த வண்டி வழியில் இலியாஷ் ஊருக்கருகே செயின் அறுந்து நின்றது. மியூனிக்கிலிருந்து மச்சான் அனுப்பிய வண்டிகளில், மீட்டரில் குறைந்த கிலோமீட்டர் காட்டியது என்று தனக்கென எடுத்து வைத்துக்கொண்ட வண்டி அது. ஊரில் பாதி மீட்டரைப் பின்னால் திருப்பியவன், மச்சான் திருப்பிய மீட்டரை நம்பியிருக்கிறான். வண்டியின் கம்ப்யூட்டரில் முனிப் கண்டெடுத்த எண் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

சேதி கேட்ட தெவ்லெத்தா கடையில் சர்க்கரை வாங்கிக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு நடந்தாள். ஊர் பார்த்தது இதைத்தான். அவள் திறந்த இன்ஜினுக்குள் எட்டிப் பார்த்தாள், வளைந்த வால்வுகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த ரிஃபெத்திடம், "செயினுக்கு ஹலால். நானே உக்காந்து பண்ணியிருந்தாலும் இவ்வளவு சுத்தமா வந்திருக்காது" என்றாள். வீட்டுக்குப் போய் அந்தச் சர்க்கரையில் ஹல்வா கிளறி முனிப்புக்கு ஒரு தட்டு அனுப்பினாள். முனிப் அதை ஒப்புக்கொண்டார். நன்றாக இருந்ததாம்.

பாக்கி இருந்தது ஹீட்டர் பிளக் மட்டும். விமானத்துக்கு முந்தைய ஞாயிறு. செலவுக்கு ஒரு வண்டியாவது விற்றாக வேண்டிய நிலை ரிஃபெத்துக்கு. சாம்பல் நிற வண்டி ஒன்றின் பானெட்டில் தெவ்லெத்தா உள்ளங்கையை வைத்தாள். எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"வெயில் தங்கச்சி," என்றான் ரிஃபெத்.

மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் பிளக்கைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடந்தாள். நைட்டிக் கடைகளுக்கு நடுவே அவன் பின்னாலேயே வந்தான்.

"ஒரு பிளக்தானே தெவ்லா."

"ஒரு பானெட்தானே அண்ணே. சும்மா விட்டிருக்கலாமே."

இந்த பாக்கியோடு போகிற ஹஜ் செல்லுமா என்று பள்ளிவாசல் இமாமிடம் கேட்டேன். "அல்லாஹ் மன்னிக்கிறவன்," என்றார். கொஞ்சம் யோசித்து, "தெவ்லெத்தாவைப் பத்தி நான் எதுவும் சொல்ல முடியாது" என்றார்.

ரிஃபெத் போய்விட்டு, ஹாஜி ரிஃபெத்தாகத் திரும்பிவிட்டான். தெவ்லெத்தாவுக்கு ஸம்ஸம் நீரும் பேரீச்சம்பழமும் கொடுத்தனுப்பினான். அவள் குடித்தாள், தின்றாள், நன்றி சொல்லியனுப்பினாள். நன்றி மட்டும்தான். போன வாரம் அவன் புது ஹீட்டர் பிளக் ஒன்றை டப்பாவோடு கொண்டுவந்து காலுறைகளுக்கு நடுவே வைத்தான். "வண்டியில எப்பவோ புதுசு மாட்டி ஓடிட்டிருக்கே, எனக்கு எதுக்கு இன்னொண்ணு?" என்று அவள் அதை அவன் சட்டைப் பையிலேயே சொருகிவிட்டாள்.

முறிந்த பழைய பிளக் அவளிடம்தான் இருக்கிறது. கேட்டால் எடுத்துக் காட்டுவாள், ஆனால் காலுறை வாங்க வேண்டும்.