பிரைன்டல் கண்டுபிடித்த நல்ல காரணம்

புரூக்ளினில் பரோ பார்க் பக்கம் யாராவது தப்புச் செய்துவிட்டால் வக்கீலைத் தேட வேண்டியதில்லை. பிரைன்டல் லெஃப்லர் இருக்கிறாள். ஒருவரை எடைபோடும்போது நல்லது இருக்கிற தட்டு தாழும்படி பார்க்க வேண்டும் என்று யூத குருமார்களான ரப்பிகள் சொல்லியிருப்பதை அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான் முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டிருந்தாள். வார ஓய்வு நாளான ஷப்பாத் மதியம் அவள் வீட்டில் பெண்கள் கூடுவார்கள். மேஜைமேல் சூரியகாந்தி விதை, சோடா, நடுவில் யாரோ ஒருவருடைய தப்பு. அதற்கு ஆளுக்கொரு நல்ல காரணம் சொல்ல வேண்டும்.

காரணம் சொல்வதற்கு முன்னால் தப்பைச் சொல்லியாக வேண்டுமே? அந்தச் சிரமத்தையும் பிரைன்டலே ஏற்றுக்கொள்வாள்.

"ஃபிஷ்மன் பொண்டாட்டியைத் தப்பா நினைக்காதீங்க. மாமியாரை நடுத்தெருவுல நிக்க வெச்சுக் கத்தினான்னா, அந்தம்மாவுக்குக் காது மந்தமா இருக்கும்."

அதுவரை அவள் கத்தியதே யாருக்கும் தெரிந்திருக்காது.

"நீ வக்காலத்து வாங்கற வரைக்கும் அவங்கல்லாம் யோக்கியமாத்தானே இருந்தாங்க?" என்று கணவர் ஸெலிக் ஒருமுறை கேட்டார். ஏதோ அலுப்பில் பேசுகிறார் என்று பிரைன்டல் அவருக்கும் ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்துவிட்டாள்.

யூதப் புத்தாண்டு விருந்து இரண்டு நாளும் முடிந்த மறுநாள் கெதலியா நோன்பு. இரண்டு நாள் தின்று தீர்த்த மயக்கத்தில் அந்த நோன்பை மறந்து வாயில் எதையாவது போட்டுக்கொள்ளாத வீடு அரிது. அன்று காலை ரொட்டிக்கடைக் கண்ணாடி வழியாகப் பிரைன்டல் பார்த்தாள். எதிர்வீட்டு ஸிஸல் கான்டோர் ஒரு துண்டு தேன் கேக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஸிஸலுக்கு அடுத்த நொடியே நினைவு வந்து, கைக்குட்டையில் துப்பிவிட்டாள். அதைப் பார்க்கப் பிரைன்டல் நிற்கவில்லை. நல்ல காரணம் யோசிக்க வேண்டியிருந்ததால் அவசரமாக நடந்துவிட்டாள்.

மறந்திருப்பாள் என்று நினைத்திருக்கலாம். ஆனால் அது குழந்தைகூடச் சொல்கிற காரணம். பிரைன்டலின் அந்தஸ்துக்குப் போதாது. ஸிஸல் மாதிரி பக்தியுள்ளவள் நோன்பில் சாப்பிடுகிறாள் என்றால் டாக்டர்தான் சொல்லியிருக்க வேண்டும். இனிப்பாகச் சாப்பிடுகிறாள் என்றால் சர்க்கரை வியாதிதான். சர்க்கரை திடீரென்று இறங்கியிருக்கிறது, பாவம்! அவளுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

அந்த வாரம்தான் ஸிஸலின் மகள் ஹென்யாவுக்கு மான்ஸி என்ற ஊரில் ஒரு வரன் கூடி வந்துகொண்டிருந்தது. பையனும் பெண்ணும் ஐந்து முறை சந்தித்துப் பேசி, இருவருக்கும் பிடித்துப்போயிருந்தது. பெண் வீட்டைப் பற்றி விசாரிக்க ஸிஸல் கொடுத்த பெயர் யாருடையது? பிரைன்டலுடையதுதான். யாரைப் பற்றியும் கெட்டதே சொல்லமாட்டாள் என்ற நம்பிக்கை.

பையனின் தாய் மிஸஸ் ஸால்ட்ஸ்மன் போனில் கூப்பிட்டாள்.

"குடும்பம் எப்படிங்க? நல்ல பக்தியா?"

"தங்கமான குடும்பம்! நோன்பன்னிக்கு அவ கேக் சாப்பிட்டதை வெச்சு எதுவும் நினைச்சுடாதீங்க. சர்க்கரை வியாதிக்காரங்க சாப்பிடலாம்னு ரப்பியே சொல்லியிருக்காரே."



"ஓ... அது பரம்பரையா வர்றதா?"

"வந்தா என்னங்க? அவங்க வெளிய காட்டிக்காம எவ்வளவு பொறுமையா இருக்காங்க பாருங்க!"

நோன்பை மீறினவள் என்று சொல்லியிருந்தால்கூட ஸால்ட்ஸ்மன் அம்மாள் மன்னித்திருப்பாள். வியாதியை மறைக்கிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? இரண்டாம் நாள் கல்யாணத் தரகர் மிஸஸ் கிரூபர் ஸிஸலிடம், "அவங்க கொஞ்சம் யோசிக்கணுமாம்" என்றாள். துருவிக் கேட்டதில் பிரைன்டல் சொன்ன சர்க்கரை வியாதியும் வெளியே வந்தது. ஹென்யா சாப்பிடாமல் அறையில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பாவமன்னிப்பு நோன்பான யோம் கிப்பூருக்கு முந்தைய நாள் வந்தது. ஒருவருக்கு இழைத்த தப்பை அவரே மன்னிக்காவிட்டால் கடவுளும் மன்னிப்பதில்லை என்பதால், அன்று ஊரே ஊரிடம் போனில் மன்னிப்புக் கேட்கும். பிரைன்டலும் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"ஸிஸல், தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது செஞ்சிருந்தா மன்னிச்சுடு."

"உன்னை நான் தப்பாவே நினைக்கலையே" என்றாள் ஸிஸல். "நீ வேணும்னு சொல்லியிருக்க மாட்டேன்னு கிரூபர்கிட்டகூட எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நாளா பிரைன்டலுக்கு மூளை தடுமாறுது, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுதுன்னு."

 பிரைன்டலின் மகன் ஹெர்ஷிக்கும் அதே கிரூபர்தான் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! என் மூளைக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு!"

"அப்போ நல்ல மூளையோடதான் என் பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போட்டியா? ஏதாவது ஒண்ணு சொல்லு. எதுவா இருந்தாலும் ஏத்துக்கறேன்."

பிரைன்டல் போனை வைத்தாள். ஊருக்கெல்லாம் காரணம் கண்டுபிடித்தவளுக்குத் தனக்கு ஒன்று அகப்படவில்லை. ஹென்யா நடை பழகியதே இந்த வீட்டு மாடிப்படியில்தான். அதை நினைத்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. மான்ஸிக்குப் போன் செய்தாள்.

"ஸிஸலுக்குச் சர்க்கரை வியாதி கிடையாதுங்க. நானாக் கட்டிவிட்டேன்."

"ஐயோ, எவ்வளவு உயர்ந்த மனசு உங்களுக்கு!" என்றாள் மிஸஸ் ஸால்ட்ஸ்மன். "அடுத்த வீட்டுப் பொண்ணுக்காகப் பழியை உங்க தலையில போட்டுக்கறீங்களே!"

"உயர்ந்த மனசெல்லாம் இல்லங்க. என் நாக்கு கெட்ட நாக்கு. எனக்கு வேலை அதுதான்." பிரைன்டல் அழுதேவிட்டாள். "அவ மறந்துட்டா. அவ்வளவுதான். மறந்துபோய்ச் சாப்பிட்டா."

"மறந்துபோயா?"

"மறந்துதான்."

மிஸஸ் ஸால்ட்ஸ்மன் குரலைத் தாழ்த்தினாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அன்னிக்கு நானும் மறந்து ஒரு கப் காபி குடிச்சுட்டேன்."

மதியம் ஸிஸல் கதவைத் தட்டினாள். கையில் ஒரு தட்டு, அதில் தேன் கேக். கண்கள் சிவந்திருந்தாலும் முகம் தெளிந்திருந்தது.

"மான்ஸியிலேருந்து கூப்பிட்டாங்க. பண்டிகை முடிஞ்சதும் வர்றாங்களாம்." தட்டை நீட்டினாள். "மன்னிச்சுட்டேன். கிரூபர்கிட்டயும் உன் மூளை பத்திரமா இருக்குன்னு சொல்லிட்டேன். சாப்பிடு."

அன்று பகலில் சாப்பிடுவது தப்பே இல்லை. நோன்பு சூரியன் மறையும்போதுதான் தொடங்கும். சாப்பிடுவது புண்ணியம் என்றுகூடச் சொல்வார்கள். பிரைன்டலுக்கு இது நன்றாகவே தெரியும். ஆனாலும் கேக்கை வாய்க்குக் கொண்டுபோனவள் கையை இறக்கி, எழுந்து போய், தெருப்பக்க ஜன்னலின் திரையை இழுத்து மூடிவிட்டு வந்துதான் கடித்தாள்.