தொண்ணூற்றாறாவது கிலோமீட்டரில் சனிக்கிழமை

மூர்த்தோலா பள்ளிக்கூடத்துச் சமையல்காரி ஹில்யாவுக்கு ஐம்பத்தேழு வயது. திங்கட்கிழமை கஞ்சி, வியாழக்கிழமை பட்டாணி சூப், மற்ற நாட்களில் உருளைக்கிழங்கும் அதற்குத் துணையாக ஏதோ ஒன்றும் என்று இருபத்தாறு வருடமாக எண்பத்துச் சொச்சம் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறாள். சமையலை யாரும் புகழ்ந்ததில்லை. யாரும் தட்டில் மிச்சம் வைத்ததுமில்லை. பின்லாந்தின் இந்த வடகோடியில் அதைத்தான் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டும், அவளும் எடுத்துக்கொண்டாள்.

ஐம்பத்து நாலாவது வயதில் அவளுக்கு ‘நூற்றைம்பது’ ஓட வேண்டும் என்று தோன்றியது. பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் கிளம்பி, காட்டையும் ஒரு மொட்டைக்குன்றையும் உறைந்த ஏரியையும் சுற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குள் அதே வாசலுக்கு வந்து சேர வேண்டும். நூற்றைம்பது கிலோமீட்டர். படுக்கைப் பை, அடுப்பு, சோறு தண்ணி எல்லாவற்றையும் இடுப்பில் கட்டிய சறுக்குவண்டியில் இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஓட்டம் என்று பேர்தானே தவிர, முக்கால்வாசி நேரம் மாடு மாதிரி நடைதான். வியர்க்கும்படி ஓடினால் வியர்வை சட்டைக்குள்ளேயே உறைந்து ஆளைத் தீர்த்துவிடும்.

பயிற்சிக்கு அவள் கணவன் ரெய்னோ வேலை பார்த்த பனித்தள்ளி வண்டியின் பழைய டயர் ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுத்தாள். பள்ளி விட்டு இரண்டரை மணிக்குக் கிளம்பினால், டிசம்பரில் அதற்குள் இருட்டிவிடும். எங்கள் ஊர்ச் சாலையில் குளிர்காலத்தில் ஒருவர் தனியாக நடந்துபோனால் கார் நிற்காமல் போகாது. நிற்காமல் போனவன் பேரை ஊர் பத்து வருடம் மறக்காது. அதனால் முதல் குளிர்காலம் முழுக்க அவளுடைய பயிற்சி இப்படித்தான் நடந்தது.

“ஹில்யா, கார் எங்க நின்னுபோச்சு?”

“கார் வீட்ல இருக்கு.”

“அப்ப டயரு?”

“டயர் என் கூட வருது.”

காரில் இருப்பவர் இறங்கிப் பின்கதவைத் திறப்பார். “சரி ஏறு. டயரையும் பின்னாடி போட்டுக்கலாம்” என்பார். மறுத்தால் மனம் நோகும் என்று இரண்டு தடவை டயரோடு ஏறி வீட்டுக்கு வந்திருக்கிறாள். இரண்டாவது குளிர்காலத்தில் கார்கள் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை மட்டும் இறக்கின. மூன்றாவது குளிர்காலத்தில் அதுவும் இல்லை. ஊர் அவளைக் கைகழுவிவிட்டது, அவளும் நிம்மதியாகப் பதினாறு கிலோமீட்டர் போய்வந்தாள்.

ரெய்னோ இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நல்லது என்றும் சொல்லவில்லை, பைத்தியக்காரத்தனம் என்றும் சொல்லவில்லை. ஜனவரியில் ஒருநாள் படுக்கைப் பை தாங்குமா என்று பார்ப்பதற்காக ஹில்யா தோட்டத்துப் பனியில் படுத்தாள். மைனஸ் இருபத்தெட்டு. விடியற்காலையில் ரெய்னோ வந்து, அவள் முகத்தின்மேல் படிந்திருந்த உறைபனியைக் கையுறையால் தட்டிவிட்டு, மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்தான். வந்துகொண்டிருந்தது. உள்ளே போய்க் காப்பி போட்டான்.

முதல் இரண்டு வருடமும் அவள் பந்தயத்தை முடிக்கவில்லை. காலும் மூச்சும் நன்றாகத்தான் இருந்தன. தொண்ணூற்றாறாவது கிலோமீட்டரில் ஒரு காட்டுக் குடில் இருக்கிறது. அதுதான் பந்தயத்தின் பெரிய நிறுத்தம். நடுவாந்தர ஓட்டக்காரர்கள் அங்கே போய்ச் சேரும்போது சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிடும். சனிக்கிழமை சாயங்காலம் என்றால் சௌனா, எங்கள் ஆவிக் குளியல். குடிலுக்குப் பின்னால் அந்தச் சிறிய மர அறை இருக்கிறது. அடுப்பு எரிந்து, மேலே கற்கள் கனன்று, ஒரு அகப்பை தண்ணீர் ஊற்றினால் ஆவி எழும். குடிலைப் பார்த்துக்கொண்ட வனக்காவலர் வருடா வருடம் அதைச் சூடாக்கி வைத்துக்கொண்டு கதவருகே நிற்பார். சூடாக்கி வைத்திருக்கிற சௌனாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. ஜெர்மன்காரர்களும் இங்கிலாந்துக்காரர்களும் சூப்பைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் ஆட்கள் பத்து நிமிஷம் என்று உள்ளே போவார்கள். உடம்பு வெண்ணெயாக இளகிவிடும். முதல் வருடம் ஹில்யா கண்விழித்தபோது ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டாவது வருடம் தூங்கவில்லை, ஆனால் வீங்கின கால் பூட்ஸுக்குள் நுழையவில்லை. இந்தப் பந்தயத்தை எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இதுவரை முடித்ததில்லை என்பதற்கு வேறு காரணம் எதையும் தேட வேண்டியதில்லை.

இரண்டு தடவை பாதியில் நின்றவர்களுக்கு மூன்றாவது வாய்ப்பு உண்டு. நாலாவது கிடையாது. பந்தயத்தின் விதி அப்படி. ஹில்யாவுக்கு இதுதான் கடைசி. ஜெயிக்க வேண்டும் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. யாரோ கூப்பிட்டார்கள் என்பதற்காகப் பாதியில் விடாமல், வாழ்க்கையில் ஒரே ஒரு காரியத்தையாவது முடித்துவிட வேண்டும். நர்ஸ் படிப்பை மாமியார் நோயில் படுத்ததும் விட்டாள். தெற்கே ஒரு நல்ல வேலையை அக்காள் அழுததும் விட்டாள். கூப்பிட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள், சூடாக ஏதாவது வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டார்கள். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை, பந்தயத்தை நடத்துகிற சைமி என்ற இளம்பெண் ஹில்யாவின் நெஞ்சில் பந்தய எண் எழுதிய துணியைக் குத்திக்கொண்டே சொன்னாள். “வனக்காவலருக்கு இடுப்பு ஆபரேஷன். குடிலுக்கு இந்த வருஷம் வேற ஆள் போட்ருக்கோம். உங்க ரெய்னோதான்.”

“யாரு?”

“சொல்லலையா உங்ககிட்ட? அவராத்தான் வந்து பேர் குடுத்தாரு. காலைலயே போயாச்சு.”

காலையில் ரெய்னோ மீன்பிடிக்கப் போவதாகச் சொல்லியிருந்தான். மீன் வாளியை எடுத்துப் போகவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“சௌனா பத்த வைக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிருக்கேன்” என்றாள் சைமி.

“அவன் என்ன சொன்னான்?”

“‘ம்’னாரு.”

ரெய்னோவின் ‘ம்’ எப்படிப்பட்டது என்று முப்பது வருடமாக அவளுக்குத் தெரியும். அது கேட்டது என்பதற்கு அடையாளம், கேட்டபடி நடப்பான் என்பதற்கு அல்ல. சனிக்கிழமை சௌனாவை அவன் ஒருதடவை கூடத் தவறவிட்டதில்லை. அப்பாவைப் புதைத்த சனிக்கிழமை மூட்டினான். கூரையைப் பிரித்துப் போட்டிருந்த சனிக்கிழமையும் மூட்டி, நட்சத்திரத்துக்கு அடியில் உட்கார்ந்து குளித்தான். வாயால் தடுக்காதவன், அடுப்பு மூட்டித் தடுக்கப் போயிருக்கிறான் என்று ஹில்யா முடிவு செய்தாள். நாலு மணிக்கு வேட்டுச் சத்தம் கேட்டதும் கிளம்பினாள்.

முதல் இருபது கிலோமீட்டரில் அவனுக்குச் சொல்ல ஒரு பிரசங்கமே தயாரித்துவிட்டாள். அதில் மாமியார் வந்தாள், அக்காள் வந்தாள், மீன் வாளியும் வந்தது. நாற்பதாவது கிலோமீட்டரில் அக்காள் உதிர்ந்தாள். இரவு முழுக்க நடந்து, கலைமான் உப்புக்கண்டத்தை வாய்க்குள் வைத்து இளக்கி மென்று, விடியும்போது மாமியாரும் போய்விட்டாள். எண்பதாவது கிலோமீட்டரில் பிரசங்கம் ‘ரெய்னோ, எனக்கு சௌனா வேண்டாம்’ என்ற அளவுக்குச் சுருங்கியிருந்தது. தொண்ணூறில் ‘வேண்டாம்’ மட்டும்தான் மிச்சம். அதைக்கூடத் தன்னால் சொல்ல முடியுமா என்று அவளுக்குச் சந்தேகம். விரல்கள் மரத்திருந்தன, தொடை இரண்டும் அவளுடையவை இல்லை, மைனஸ் முப்பத்தொன்று. அந்த நேரத்தில் அவள் உலகத்தில் எதற்காவது ஏங்கினாள் என்றால், அது அவன் மூட்டி வைத்திருக்கப்போகிற அந்த அடுப்புக்குத்தான்.

மரங்கள் விலகிக் குடில் தெரிந்தது. குடிலின் புகைபோக்கியில் புகை வந்தது. சௌனாவின் புகைபோக்கியில் வரவில்லை.

ஹில்யா நெற்றி விளக்கைத் திருப்பி மறுபடியும் பார்த்தாள். சௌனாக் கூரையில் பனி உருகாமல் ஒரு முழ உயரத்துக்குக் கிடந்தது.

உள்ளே யால்மரி கத்திக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், எழுபத்தொரு வயது. முந்தைய வருடங்களில் பந்தயக்காரர்களோடு வேடிக்கைக்காக வந்து, இந்தக் குடிலிலேயே தங்கிவிட்டுத் திரும்பிப் போவார். இந்த வருடம்தான் முதல்முறையாகப் பேர் கொடுத்து எண் குத்திக்கொண்டு வந்திருந்தார். கழுத்தில் துண்டு, கையில் வாட்டுவதற்கென்று கொண்டுவந்த பன்றி சாசேஜ்.

“டேய் ரெய்னோ, இன்னிக்கு சனிக்கெழமடா!”

“தெரியும்” என்றான் ரெய்னோ.

“தொண்ணூத்தாறு கிலோமீட்டர் இதுக்காகத்தான்டா நடந்து வந்தேன்! ஏன்டா மூட்டல?”

“வெறகு ஈரம்.”

“அந்தா செவுரு ஒசரத்துக்கு அடுக்கி வச்சிருக்கியே, அது என்ன?”

“அதுவும் ஈரம்.”

யால்மரி ஹில்யாவைப் பார்த்தார். “நீயே தொட்டுப் பாரும்மா. உன் புருஷன் பேசற நியாயத்த.”

ஹில்யா கையுறையைக் கழற்றிவிட்டு, பிர்ச் மரக் கட்டை ஒன்றை எடுத்துப் பார்த்தாள். மொறமொறவென்று காய்ந்து, ஒரு குச்சி கிழித்தால் பிடித்துக்கொள்ளும் போல இருந்தது. திருப்பி வைத்தாள்.

“ஆமா. ஈரமாத்தான் இருக்கு” என்றாள்.

ரெய்னோ அவளைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் கொடுத்த அதே கிண்ணத்தில் அவளுக்கும் சூப் ஊற்றினான். அவள் பெஞ்சைத் தேடினாள். பெஞ்சுகள் எல்லாம் வெளியே பனியில் கவிழ்த்துப் போடப்பட்டிருந்தன.

“பெஞ்ச் என்ன ஆச்சு?”

“கால் ஆடுது. நின்னே குடி.”

நின்றே குடித்தாள். குடுவையில் வெந்நீர் நிரப்பிக்கொண்டாள், காலுறை மாற்றினாள். வழி நெடுகச் சுமந்துவந்த ‘வேண்டாம்’ வாய்க்குள்ளேயே கிடந்தது, அதைச் சொல்ல இடமில்லை. ரெய்னோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். “இருவது நிமிஷம் ஆச்சு. கெளம்பு.”

“ரெய்னோ...”

“கதவ சாத்திட்டுப் போ. குளிரு உள்ள வருது.”

அதற்கப்புறம் ஐம்பத்து நாலு கிலோமீட்டர். மொட்டைக்குன்றின்மேல் காற்று அவளைச் சறுக்குவண்டியோடு சேர்த்துப் பக்கவாட்டில் தள்ளியது. நூற்று இருபதாவது கிலோமீட்டர் சுமாருக்கு அவள் வண்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். உட்காரக் கூடாது என்று தெரியும், உட்கார்ந்தாள். திரும்பிப் போனால் என்ன என்று யோசித்தாள். திரும்பிப் போனால் அங்கே ஒரு குளிர்ந்த அடுப்பும், உட்கார வழியில்லாத ஒரு குடிலும், கடிகாரத்தைப் பார்க்கிற ஒரு புருஷனும்தான் மிச்சம். முன்னால் போவது அதைவிடத் தேவலை. எழுந்தாள். நடக்கும்போது தனக்கு அழுகை வருகிறது என்று கவனித்தாள். இமை ஒட்டிக்கொண்டு ஒரு கண் திறக்காமல் போனதால் அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்குப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். இருபது பேர் போல நின்றிருந்தார்கள். கைதட்டினார்கள், கையுறையோடு தட்டியதால் சத்தம் வரவில்லை. மூர்த்தோலாக்காரர் ஒருவர் ‘நூற்றைம்பதை’ முடித்தது அதுவே முதல் தடவை. இரண்டாவது ஆள் ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்தார். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், கோபத்திலேயே ஐம்பத்து நாலு கிலோமீட்டரும் நடந்துவிட்ட யால்மரி, கழுத்தில் உறைந்துபோன துண்டோடு, ரெய்னோவைத் திட்டிக்கொண்டே கோட்டைத் தாண்டினார்.

அதற்கு முன்பே சைமி, குடிலுக்குப் போட்ட போனை ஹில்யாவின் கையில் கொடுத்திருந்தாள். கடைசி ஆளும் குடிலைத் தாண்டிப் போனபின் பொருட்களை ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்பதால் ரெய்னோ இன்னும் அங்கேதான் இருந்தான்.

“முடிச்சிட்டேன்” என்றாள் ஹில்யா.



“கால் விரலு?”

“பத்தும் இருக்கு.”

“ம்” என்றான் ரெய்னோ. பிறகு, “சரி. அப்ப நான் போய் சௌனாவ மூட்றேன்.”

“இன்னிக்கு ஞாயித்துக்கெழம, ரெய்னோ.”

“தெரியும்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

ஹில்யா போனைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் வழிந்தது இந்தத் தடவை உறையவில்லை, வாசலில் அடுப்பு போட்டிருந்தார்கள். சைமி பயந்துபோய் அவள் தோளைப் பிடித்தாள்.

“என்னாச்சு? எங்க வலிக்குது? சொல்லுங்க.”

“சனிக்கெழமையும் அதுவுமா நேத்து அவன் குளிக்கவே இல்ல” என்றாள் ஹில்யா.