இரண்டாம் கூண்டுக்குப் போட்ட ஆவாரம்பூ

எலிக்கூண்டு கழுவுகிற வேலையில் முதல் கடி முதல் நாளே கிடைத்துவிடும். மற்றதெல்லாம் மெதுவாகத்தான் வரும். பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்டது. உத்திரமேரூர் பக்கம் ஒரு பார்மஸி காலேஜில் எலி ரூமுக்கு ஆள் கேட்டார்கள், போய்ச் சேர்ந்தேன். மாட்டுக் கொட்டாயோ, கோழிக்கூண்டோ, ஹாஸ்டல் பாத்ரூமோ கழுவியிருந்தால் நீங்களும் என் ஜாதிதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு கூட வாருங்கள்.

ஒரு கோணி பூ

பர்வீன் அக்கா அங்கே கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தது. பஜாரில் அவங்க வீட்டுக்குத் துணிக்கடை. மாத்திரையால் கெட்டுப்போகிற ஈரலை ஆவாரம்பூ காப்பாற்றுமா என்பதுதான் அக்காவின் தீசிஸ். அதற்கு ஒரு கோணி பூ வேண்டும். பறிப்பது யார்? நான்தான். வெயில் ஏறுவதற்குள் ஏரிக்கரையில் பறித்து, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காயப்போட்டு முதல் கூடையைக் கெடுத்ததும் நான்தான்.

மடியும் கையுமாக மஞ்சளாய் நின்றபோது, பக்கத்து நிலத்து நாராயணன் மாமா எதற்கென்று கேட்டார். எலிக்கு என்றேன். மண்வெட்டியை ஊன்றி நின்றுவிட்டார்.

“இன்னா அமுலு, எலி வயசுக்கு வந்துட்ச்சா?”

மஞ்சள் சிவந்தது

பூவை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிகட்டி, அக்கா ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றியது. மக்னீசியம் துண்டு ஒன்று, மேலே ஆசிட் சில சொட்டு. புசுபுசுவென்று நுரை வந்தது. நுரைக்குக் கீழே மஞ்சள் தண்ணீர் என் கண்ணெதிரே சிவப்பாக மாறியது. எனக்கு வாய் மூடவில்லை.

“இன்னாக்கா இது?”

“ஃபிளேவனாய்டு. வெயிலு, பூச்சி எல்லாத்துலேந்தும் தப்பிக்க செடி தானே செஞ்சு வச்சுக்கிற சரக்கு. அது ஈரலுக்கும் ஒதவுதான்னுதான் பாக்கறோம்.”

பத்து வருஷம் ஸ்கூலுக்குப் போன வழியெல்லாம் இந்தச் செடிதான். கோபம் வந்துவிட்டது. ஒரு டீச்சராவது சொன்னார்களா என்று கத்தினேன்.

“சொல்லியிருந்தா மட்டும் நீ கவனிச்சிருப்பியாக்கும்?”

மூன்று தட்டு

முதலில் வெள்ளோட்டம், கூண்டுக்கு ஒரு எலி. முதல் கூண்டுக்கு வெறும் தண்ணீர். இரண்டாம் கூண்டுக்கும் ஏழு நாள் தண்ணீர்தான், பிறகு மாத்திரை. மூன்றாம் கூண்டுக்கு ஏழு நாள் ஆவாரம்பூ மருந்து, பிறகு அதே மாத்திரை. விஷ மாத்திரை ஒன்றுமில்லை. காய்ச்சலுக்கு நீங்களும் நானும் போடுகிறோமே, அதேதான். அளவுதான் பல மடங்கு.

அப்புறம் அறுத்துப் பார்த்தார்கள். மூன்று தட்டில் மூன்று ஈரல். முதலாவது நனைந்த செம்மண் மாதிரி பளபளவென்று இருந்தது. இரண்டாவது வீங்கி, வெளுத்து, திட்டுத்திட்டாக மஞ்சள் பாய்ந்திருந்தது. மூன்றாவதைப் பார்த்தேன், திரும்ப முதலாவதைப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒன்று போல. ஏரிக்கரையில் என் கையால் கிள்ளிய பூ! எதற்கெடுத்தாலும் தொணதொணக்கிற நான் அன்றைக்குக் குரலை இறக்கித்தான் பேசினேன்.

“நம்ம வயித்துலயும் இப்டி ஒண்ணு சத்தமில்லாம வேல செஞ்சுக்கினு இருக்குதாக்கா?”

“கெட்டுப்போனாலும் சத்தம் போடாது அமுலு. அதான் பேஜார்.”

நான் செய்த புண்ணியம்

அடுத்தது அசல் சோதனை. கூண்டுக்கு ஆறு எலி. மாசக் கடைசிக்குள் தீசிஸ் கொடுக்காவிட்டால் அக்காவுக்கு ஒரு வருஷம் போச்சு. இது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இரண்டாம் கூண்டுக்கு என்ன வரப்போகிறது என்பதும் தெரியுமே. பக்கத்துக் கூண்டுக்கு மருந்து, இதுகளுக்கு மட்டும் ஒன்றுமில்லையா? தினமும் காலையில் யாரும் வருவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி பூவை உள்ளே போட்டேன். மோந்து பார்த்துவிட்டு இதழ் இதழாகக் கொறித்தன. மிச்சத்தைப் பொறுக்கிவிடுவேன்.

மாத்திரை கொடுத்த பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால், ஈரல் கெட்டால் ஏற வேண்டிய அளவு இரண்டாம் கூண்டில் ஏறவே இல்லை. அக்கா மெஷினைச் சந்தேகப்பட்டது, மாத்திரையைச் சந்தேகப்பட்டது, கடைசியில் தன்னையே சந்தேகப்பட்டது. நாஷ்டா டப்பா திறக்காமலே கிடந்தது. அக்காவுக்குப் பாடம் சொல்லும் சார் வந்து, “டோஸ் ஒழுங்காக் கொடுத்தியாம்மா?” என்றதும் அதற்குக் கண் கலங்கிவிட்டது. என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

“நான்தான் சார் பூ போட்டேன். அதுங்க பாவம்னு.”

“எவ்வளவு?”

“கைப்பிடி.”

“அளந்தியா?”

“இல்ல சார்.”

சார் கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அளக்காமப் போட்டா அது மருந்தும் இல்ல, சோதனையும் இல்லம்மா. வெறும் தீனி.”

திரும்பவும் ஏழு நாள்

மாசக் கடைசிக்குப் பதினைந்து நாள் இருந்தது. எங்கள் ரூமிலேயே பிறந்து வளர்ந்த எலிகளை வைத்துத் திரும்ப ஆரம்பித்தோம். இரண்டாம் கூண்டை வேறு யாரிடமாவது கொடுத்துவிடச் சொன்னேன். அக்கா முறைத்தது. “நீதான் பாத்துக்கற” என்று முடித்துவிட்டது.

ஏழு நாள். கூண்டைக் கழுவினேன், தண்ணீர் மாற்றினேன், தீனி வைத்தேன். நான் போனாலே ஆறும் கம்பிக்கு வந்து மூக்கை நீட்டும். ஏரிக்கரையில் பூ கொள்ளையாய்ப் பூத்திருந்தது. ஒரு இதழ் கொண்டுவரவில்லை.

இந்த முறை கணக்கு சரியாக வந்தது. இரண்டாம் தட்டு மஞ்சள், மூன்றாம் தட்டு செம்மண். அக்கா கடைசி நாள் சாயங்காலம் தீசிஸைக் கொடுத்துவிட்டு நேராக எலி ரூமுக்கு வந்தது. நான் காலியான இரண்டாம் கூண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தானும் ஒரு பிரஷ்ஷை எடுத்தது.

“இந்த ஆறு இல்லன்னா, மூணாங் கூண்டுல நடந்தத ஒருத்தரும் நம்பமாட்டாங்க அமுலு.”

எல்லாம் சரி, அந்த ஆறும் ஒரு நாள்கூட என்னைக் கடித்ததில்லை என்பது மட்டும் தீசிஸில் எந்தப் பக்கத்திலும் இல்லை.